ஓப்பரா 12-ஐ இன்னும் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாழம்பூ (மதுரை) | சனி, காலை 7:50

வணக்கம். என் பழைய மடிக்கணினியின் ஃபேன் போன வாரத்திலிருந்து கரகரவென்று சத்தம் போடுகிறது. இனி அதிக நாள் தாங்காது என்று தெரிகிறது. விண்டோஸ் 7. அதில் ஓப்பரா 12.18 உலாவி.

ஓப்பராவுக்கு நான் வந்தது 2004-இல். அப்போது மேலே விளம்பரப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். 2005 செப்டம்பரில் 8.5 வந்து, பட்டை போய் முழுக்க இலவசமானபோது தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மடல் போட்டுச் சொன்னேன். அந்த மடல்கூட இன்னும் இருக்கிறது.

விஷயம் அந்த மடல்கள்தான். 2004 முதல் 2016 வரை எனக்கு வந்ததும் நான் அனுப்பியதும் எல்லாம் ஓப்பராவுக்குள்ளேயே இருந்த எம்2 மடல் நிரலில் இருக்கின்றன. பாப் முறையில் இறக்கியவை, அதனால் சர்வரில் நகல் கிடையாது. எங்கள் பெரியப்பா அந்தக் காலத்து மடற்குழுக்களில் நிறைய எழுதியவர். அவர் எனக்குத் தனியாக எழுதியவையும் இதில்தான் இருக்கின்றன. அவர் இப்போது இல்லை.

இன்னொன்று, குறிப்புகள். ஒரு பக்கத்தில் நாலு வரியைத் தேர்ந்துகொண்டு கன்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் அழுத்தினால் போதும், அது பக்கவாட்டுப் பலகையில் குறிப்பாகப் போய் உட்கார்ந்துவிடும். ஐந்து வருடம் கழித்து அதை இரண்டு தட்டுத் தட்டினால் எந்தப் பக்கத்தில் எடுத்தோமோ அதையே திறக்கும். பாதித் தளங்கள் இன்று இல்லை. ஆனாலும் எடுத்து வைத்த வரிகள் இருக்கின்றன.

வீட்டில் "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்கிறார்கள். புதுக் கணினி வாங்கியும் ஆகிவிட்டது. இதிலிருந்து மடல்களைப் பத்திரமாக வெளியே எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், 12-ஐ விடாமல் வைத்திருப்பது நான் மட்டும்தானா என்பதையும் தெரிந்துகொள்ள ஆசை.

கரவெட்டி | சனி, காலை 9:15

நீங்கள் மட்டும் இல்லை அக்கா. என்னிடமும் இருக்கிறது. 12.16, யூஎஸ்பியில் போட்ட தனி நிறுவல். நிறுவும்போதே அந்தத் தெரிவு இருந்தது நினைவிருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் என்னுடைய அமைப்போடு திறக்கும்.

2013 ஜூலை 2-ஆம் தேதி ஓப்பரா 15 வந்த நாளை நான் மறக்கவில்லை. மேம்படுத்தச் சொல்கிறதே என்று மேம்படுத்தினேன். திறந்து பார்த்தால் புக்மார்க் இல்லை. மடல் இல்லை. குறிப்புகள் இல்லை. பக்கப் பலகை இல்லை. டேப்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும் வசதியும் இல்லை. பத்து வருடம் இருந்த வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே வேறொரு குடும்பம் இருக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கே பழைய 12-ஐத் தேடி மீண்டும் நிறுவினேன்.

மடலை ஓப்பரா மெயில் என்று தனி நிரலாகக் கொடுத்தார்கள்தான். ஆனால் மடலும் உலாவியும் ஒரே சாளரத்தில், அடுத்தடுத்த டேப்பில் இருந்ததுதானே அதன் அழகு.

புதுநிலா | சனி, காலை 10:02

நான் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. பள்ளியில் இருக்கும்போதே குரோம்தான். நிஜமாகவே கேட்கிறேன்: பழைய பதிப்பில் அப்படி என்ன இருந்தது? விவால்டியில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்கிறார்களே?

கரவெட்டி | சனி, காலை 10:40

நல்ல கேள்வி தம்பி.

ஒரு சின்ன உதாரணம். எஃப்12 அழுத்தினால் ஒரு குட்டிப் பட்டியல் விழும். ஜாவாஸ்கிரிப்ட் வேண்டுமா, குக்கி வேண்டுமா, ஜிஃப் படங்கள் அசைய வேண்டுமா, ஒலி வேண்டுமா. ஒவ்வொன்றாக டிக் எடுக்கலாம், வைக்கலாம். ஒரு தளத்துக்கு மட்டும் தனியாகவும் வைக்கலாம். டயல்-அப் நாட்களில் நான் "ஏற்கெனவே இறக்கிய படங்களை மட்டும் காட்டு" என்று வைத்திருப்பேன். செய்தி படிக்க எழுத்து போதும். படம் வேண்டுமென்றால் அந்த ஒன்றை மட்டும் இறக்கிக்கொள்வேன்.

எலிச் சைகைகள்: வலப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இடப் பொத்தானைத் தட்டினால் முந்தைய பக்கம். அது உடனே வரும், மறுபடி இறக்காது. வலப் பொத்தானோடு கீழே இழுத்தால் புது டேப், கீழே போய் வலப்பக்கம் திருப்பினால் டேப் மூடும். கை அதற்குப் பழகிவிட்டால் மற்ற உலாவிகளில் கை தானாக இழுக்கும், ஒன்றும் நடக்காது. இன்றைக்கும் எனக்கு அலுவலகக் கணினியில் அப்படித்தான்.

விவால்டி நல்ல உலாவி. ஓப்பராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் செய்தது, 2015 ஜனவரியில் முதல் முன்னோட்டம் வந்தது. நான் தினசரி அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மடல் வசதி அதில் முழுமையாக வர 2022 ஆனது. ஒன்பது வருடம் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

செர்வர்அறை (கோவை) | சனி, நண்பகல் 12:20

தாழம்பூ அக்கா, மடலை எடுக்கும் வழியைச் சொல்கிறேன், மாலையில் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் ஒரு வேண்டுகோள்: அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போதே.

நானும் 9.2 காலத்து ஓப்பரா ஆள். புது டேப்பில் பிடித்த தளங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஸ்பீடு டயல் வந்த நாளில் மகிழ்ந்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன். 12.18 வெளியானது 2016 பிப்ரவரியில். அதுவும் பாதுகாப்பு ஒட்டு மட்டும்தான். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டைக்கும் அதில் அடைப்பு கிடையாது. 2017 ஜனவரியில், 12-க்குள் பக்கங்களை வரைந்து காட்டும் பிரெஸ்டோ எஞ்சினின் மூல நிரலே வெளியே கசிந்தது. கேட்டு நீக்க வைத்தார்கள், ஆனால் அதற்குள் எத்தனை பேர் நகலெடுத்திருப்பார்கள். உள்ளே எங்கே என்ன பலவீனம் என்று நிதானமாக உட்கார்ந்து படிக்க ஆட்களுக்கு வசதி கிடைத்துவிட்டது, சரிசெய்ய மட்டும் யாரும் இல்லை.

எத்தனையோ தளங்கள் அதில் திறக்காததற்கும் காரணம் இருக்கிறது. உலாவிக்கும் தளத்துக்கும் இடையிலான இணைப்பைக் குறியாக்கிக் காக்கும் முறை டிஎல்எஸ். அதன் 1.3 வந்தது 2018-இல், 12-க்கு அது தெரியாது. 1.2-ஐ ஏற்கும் தளங்களிலும், 12-க்குத் தெரிந்த குறியாக்க முறைகளைப் பல தளங்கள் கைவிட்டுவிட்டன. அப்புறம், தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ். ஓப்பரா விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலை நம்பாமல் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. அன்றைக்குப் பழைய நிரல்கள் பலவற்றில் சிறிய வலைப்பதிவுகள் எல்லாம் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தன.

பாசம் வேறு, பாதுகாப்பு வேறு. பாசத்தை விடச் சொல்லவில்லை, நெட்வொர்க் கேபிளை விடச் சொல்கிறேன்.

நெசவு (சென்னை) | சனி, மதியம் 2:35

செர்வர்அறை சொன்ன பாதுகாப்புப் பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "தளங்கள் திறக்காததற்குக் காரணம்" என்பதில் பாதியைத்தான் சொன்னார். மீதிப் பாதியில் எங்கள் கை இருக்கிறது. இருபது வருடம் இணையதளம் கட்டிப் பிழைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உலாவி தன்னை யார் என்று தளத்துக்குச் சொல்லும் வரி, 12-இன் அடையாளச் சரம், பார்த்திருக்கிறீர்களா? "ஓப்பரா/9.80" என்று ஆரம்பிக்கும், உண்மையான எண் "வெர்ஷன்/12.18" என்று கடைசியில் வரும். ஏன் இந்தச் சுற்று? 2009-இல் ஓப்பரா 10 வந்தபோது, பல தளங்களின் நிரல் முதல் ஒற்றை இலக்கத்தை மட்டும் படித்தது. 10-ஐப் பார்த்து "ஓ, பதிப்பு 1, மிகப் பழையது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இரண்டு இலக்க எண்ணுக்குப் போன முதல் பெரிய உலாவி அது. தளங்களைத் திருத்துவது நடக்கிற காரியம் இல்லை என்று, தன் எண்ணையே 9.80 என்று உறைய வைத்துக்கொண்டது. தப்பு செய்தவர்கள் எங்களைப் போன்றவர்கள், வளைந்து கொடுத்தது உலாவி.

2003-இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம் ஓப்பரா 7-க்கு என்று தனியாக ஒரு நடைத்தாள் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) அனுப்பியது. அதில் இடது ஓரம் மைனஸ் 30 பிக்சல். வரிகளின் இடப்பக்கம் வெட்டுப்பட்டு, ஓப்பராதான் கெட்டது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஓப்பரா நிறுவனம் கூர்ந்து பார்த்துப் பிடித்து வெளியே சொன்னது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓப்பராவுக்குள் பிரவுசர்.ஜேஎஸ் என்று ஒரு கோப்பு உண்டு. எந்தத் தளம் ஓப்பராவில் உடைகிறதோ அதற்கு ஊழியர்கள் ஒட்டு எழுதி அந்தக் கோப்பில் சேர்ப்பார்கள். உங்கள் உலாவி அதை அவ்வப்போது தானாக இறக்கிக்கொண்டு, பக்கம் திறக்கும்போதே பழுதைச் சரிசெய்யும். நாம் "ஓப்பராவில் எல்லாம் நன்றாக வருகிறது" என்று இருந்த நாட்களில் நார்வேயில் சிலர் உட்கார்ந்து தளம் தளமாக ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அது நின்றதும் ஒவ்வொன்றாக உடைந்தது. ஒரே நாளில் உடையவில்லை. இந்த மாதம் ஒரு தளத்தின் பட்டன் வேலை செய்யாது, அடுத்த மாதம் இன்னொரு தளத்தில் பட்டியல் விரியாது. கூரை ஓடு சரிகிற மாதிரி.

2013 பிப்ரவரியில், 30 கோடிப் பயனர்கள் என்று அறிவித்த அதே நாளில், சொந்த எஞ்சினை விட்டு, அப்போது குரோமும் சஃபாரியும் பயன்படுத்திய வெப்கிட் எஞ்சினுக்கு மாறுவதாகவும் அறிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடைத்தாள்கள் எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸை முதலில் முன்மொழிந்த ஹோகோன் வியூம் லீ அவர்களுடைய அப்போதைய தொழில்நுட்பத் தலைவர். தரநிலைக்காக அவ்வளவு பாடுபட்ட நிறுவனம் 2012-இல், வெப்கிட்டுக்கென்றே எழுதப்பட்ட சிஎஸ்எஸ் முன்னொட்டுகளை ஏற்க வேண்டிய நிலைக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே எஞ்சினுக்கு எழுதியதுதான் காரணம். பிறகு 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே தன் எட்ஜ் உலாவியைக் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாற்றுவதாகச் சொன்னது.

நான் கட்டிய தளங்களில் எத்தனையை ஓப்பராவில் சோதித்தேன் என்று யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓலைக்கொட்டான் (நாகர்கோவில்) | சனி, மாலை 4:10

நெசவு அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். எழுதியதற்கு நன்றி.

எங்கள் வீட்டில் 12 இருந்த காரணம் வேறு. 2011-இல் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை சரியாக இயங்காமல் போனது. எலியைப் பிடிக்க முடியாது. இடது கையில் இரண்டு விரல் நன்றாக வேலை செய்தது. ஓப்பராவில் ஒற்றை விசைக் குறுக்குவழி என்று ஒரு தெரிவு உண்டு. அதை இயக்கிக் கொடுத்தேன். 1 அழுத்தினால் இடப்பக்க டேப், 2 அழுத்தினால் வலப்பக்க டேப். இசட் பின்னால், எக்ஸ் முன்னால். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் சுட்டிகளில் மேலே, கீழே, பக்கவாட்டில் நகரலாம். எது தேர்வாகியிருக்கிறது என்று கட்டம் கட்டிக் காட்டும். பிறகு என்டர்.

ஷிப்டும் அம்புக்குறியும் ஒரே கையில் எட்ட வேண்டும் என்பதற்காக விசைப்பலகையைக் கொஞ்சம் சாய்த்து, கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தோம். ஒரு வாரத்தில் பழகிவிட்டார். காலை ஆறரைக்கு நாலு செய்தித்தாள் தளங்களை அவராகவே திறந்து படித்துவிட்டு, எழுந்து வருகிற எங்களுக்குச் செய்தி சொல்வார். உடம்பு முடியாமல் போன பிறகு அவர் யார் உதவியும் இல்லாமல் செய்த முதல் காரியம் அது.

15 வந்தபோது தானாக மேம்படாமல் நிறுத்தி வைத்தேன். 2017 வரை அதே 12-தான். தளங்கள் உடையும்போது நெசவு சொன்னது போல ஒவ்வொன்றாகத்தான் உடைந்தன. அப்பா ஒரு தளத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவார், இருந்த நாலு தளம் இரண்டானது. பிறகு விவால்டியில் ஷிப்ட்-அம்புக்குறி இருப்பது தெரிந்து மாற்றிக் கொடுத்தேன். நல்லபடியாக வேலை செய்தது. ஆனால் மாற்றுவதற்கு நான் பயந்த பயம் கொஞ்சம் இல்லை.

"பழசையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த மரக்கட்டைதான் கண்ணில் வரும்.

செர்வர்அறை | சனி, மாலை 4:32

ஓலைக்கொட்டான், மன்னியுங்கள். நான் கேபிளைப் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காக இருக்கிறார்கள் என்று நினைத்து எழுதிவிட்டேன். அப்பாவுக்கு என் வணக்கம்.

செந்நரி | சனி, மாலை 6:05

ஃபயர்ஃபாக்ஸ் பக்கமும் இதே கதை உண்டு. 2017 நவம்பர் 14, பதிப்பு 57. வேகம் கூடியது உண்மை. ஆனால் பழைய வகை நீட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் நின்றன. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறாத தளங்களைப் படிக்கப் பத்மா என்று ஒரு நீட்சி இருந்தது, எழுத்துருக் குறியாக்கத்தை அப்போதைக்கப்போது யூனிகோடாக மாற்றிக் காட்டும். அந்த வகை எல்லாம் போயிற்று. நான் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 52 ஈஎஸ்ஆரில் 2018 வரை ஒதுங்கி இருந்தேன். அது முறையான ஒட்டுகள் வந்துகொண்டிருந்த பதிப்பு, அதனால் தப்பில்லை. பழசில் இருக்க வேண்டியவர்களுக்கு அப்படி ஒரு அவகாசம் கொடுப்பதுதான் மரியாதை. ஓப்பரா 12-க்கு அது முறையாகக் கிடைக்கவில்லை.

குறிஞ்சிமலர் | சனி, இரவு 8:20

கணினி ஓப்பராவை நான் தொட்டதில்லை. ஆனால் ஓப்பரா மினி! பட்டன் போனில், தமிழ் எழுத்துரு இல்லாத போனில், எல்லாத் தமிழ்த் தளமும் கட்டம் கட்டமாகத் தெரியும். யாரோ சொல்லி, முகவரிப் பட்டையில் ஓப்பரா:கான்ஃபிக் என்று அடித்தேன். ஒரு பட்டியல் வரும். அதன் கடைசிப் பக்கத்தில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்று ஒரு வரி, அதில் "யெஸ்" வைத்துச் சேமிக்க வேண்டும். பக்கத்தை மறுபடி திறந்தால் கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ். சர்வரிலேயே எழுத்தைப் படமாக்கி அனுப்பியது என்று பின்னால்தான் தெரிந்தது.

விடுதி மொட்டை மாடியில் நின்று முதன்முதலாகப் போனில் ஒரு முழுச் சிறுகதை படித்தேன். அன்றிரவு அறைத்தோழிகள் நாலு பேர் போனிலும் அதே வரியை மாற்றிக் கொடுத்தேன்.

செர்வர்அறை | சனி, இரவு 9:30

தாழம்பூ அக்கா, சொன்னபடி.

முதலில் ஓப்பராவில் உதவி மெனுவில் "ஓப்பரா பற்றி" பக்கத்தைத் திறங்கள். மடல் கோப்புறை எங்கே என்று முழுப் பாதையும் அதில் இருக்கும். ஓப்பராவை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே இரண்டு வெவ்வேறு வன்தட்டில் நகலெடுங்கள். இது முடியாமல் வேறு எதையும் தொட வேண்டாம். உள்ளே போனால் கணக்கு, ஆண்டு, மாதம், நாள் என்று அடுக்கடுக்காகக் கோப்புறைகள், அவற்றில் எம்பிஎஸ் கோப்புகள் இருக்கும். பூட்டுப் போட்ட வடிவம் எதுவும் இல்லை, நோட்பேடில் திறந்தாலே மடல் தெரியும். எழுதியவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பிறகு ஓப்பராவைத் திறந்து, மடல் பலகையில் "பெற்றவை"யின் மேல் வலத்தட்டு, எக்ஸ்போர்ட். "அனுப்பியவை"க்கும் தனியாக. கிடைக்கும் கோப்பின் பெயரிலிருந்து எம்பிஎஸ் என்ற பின்னொட்டை நீக்கிவிட்டு, புதுக் கணினியில் தண்டர்பேர்ட் மடல் நிரலின் உள்ளூர்க் கோப்புறைகள் இருக்கும் இடத்தில் போடுங்கள். தண்டர்பேர்டைத் திறந்தால் தெரியும்.

குறிப்புகளும் வெறும் உரைக் கோப்புதான், அதையும் நகலெடுங்கள். புக்மார்க்கை எச்டிஎம்எல்லாக ஏற்றுமதி செய்யும் வசதி கோப்பு மெனுவிலேயே இருக்கிறது.

தாழம்பூ | ஞாயிறு, மதியம் 1:15

செர்வர்அறை தம்பிக்கு மிக்க நன்றி. நேற்று இரவே நகலெடுத்துவிட்டேன், கேபிளையும் கழற்றிவிட்டேன். 2007-க்குப் பிந்தைய மடல்கள் தண்டர்பேர்டில் பளிச்சென்று வந்துவிட்டன.

ஆனால் 2004 முதல் 2006 வரை உள்ள தமிழ் மடல்கள் எல்லாம் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. பெரியப்பாவின் மடல்கள் முக்கால்வாசி இந்தப் பகுதியில்தான். பழைய கணினியில் ஓப்பராவில் திறந்தால் அதே மடல் அழகாகத் தமிழில் தெரிகிறது. ஏற்றுமதியில் ஏதாவது கெட்டுவிட்டதா? நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நெசவு | ஞாயிறு, மதியம் 2:05

எதுவும் கெடவில்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அவை திஸ்கி மடல்கள், அதாவது யூனிகோடு பரவும் முன் இருந்த தமிழ்க் குறியாக்கத்தில் எழுதியவை. அந்தக் காலத்து மடற்குழுக்களில் பலரும் திஸ்கியில்தான் எழுதினோம்.

ஓப்பராவில் விருப்பங்களுக்குள் எழுத்துருப் பகுதியைப் பாருங்கள். "மடல் காட்சி" என்ற வரிக்கு எதிரே டிஎஸ்சியு_பரணர் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது திஸ்கி, யூனிகோடு இரண்டையும் ஒரே எழுத்துருவில் வைத்தது. இருபது வருடத்துக்கு முன் நீங்களே அமைத்து மறந்திருப்பீர்கள்.

தண்டர்பேர்டில் தெரிவதை நகலெடுத்து மாற்ற வேண்டாம், வழியில் சில எழுத்துகள் தொலையும். மூல எம்பிஎஸ் கோப்பையே எடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். முதலில் ஒரே ஒரு மடலில் செய்து பாருங்கள்.

தாழம்பூ | ஞாயிறு, இரவு 10:40

நெசவு சொன்னது அப்படியே. பரணர்தான் இருந்தது.

ஒரு மடலை மாற்றிப் பார்த்தேன். 2005 பிப்ரவரி. பெரியப்பா எழுதியது: தலைப்பு "கொய்யா". வீட்டுப் பின்புறம் இருந்த மரம் அந்த வருடம் காய்த்ததைப் பற்றி ஒன்பது வரி. கடைசி வரியில் "நீ சொன்ன நார்வே உலாவியைப் போட்டிருக்கிறேன், எழுத்து கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, பெரிதாக்குவது எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் எழுதிய பதிலும் "அனுப்பியவை"யில் இருக்கிறது: கூட்டல் குறியை அழுத்துங்கள், பெரிதாகும்.

இன்னும் அறுநூறு சொச்சம் மடல் மாற்ற வேண்டும். தினமும் இருபது என்று வைத்திருக்கிறேன். அது முடியும்வரை ஃபேன் தாங்கினால் போதும்.

ஓலைக்கொட்டான் | திங்கள், காலை 6:45

அக்கா, ஃபேனைப் பற்றி: பின் மூடியைக் கழற்றித் தூசியைத் தூரிகையால் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு ஃபேனின் நடு அச்சில் விடச் சொல்லுங்கள். எங்கள் பழைய கணினிக்கு அதில் ஆறு மாதம் கிடைத்தது.